மெல்பர்னில் ஒரு பிள்ளை மடுவம்

1

எங்கள் வீட்டில் டாக்சி ஷிஃப்டுக்குப் பெயர் பெரட்டு. விடியற்காலையில் நான் சாவியை எடுத்தால் மனைவி சுமதி அரைத் தூக்கத்திலேயே, "பெரட்டுக்குக் கௌம்பிட்டீங்களா?" என்பாள். மகள் காவ்யாவும் பேச்சு வந்த நாளிலிருந்து அப்படித்தான் சொல்லி வந்தாள். வேலைக்குப் போவதை உலகத் தமிழர் எல்லோருமே அப்படித்தான் சொல்கிறார்கள் என்று பிள்ளை நினைத்திருந்தது. எனக்கும் ஏறக்குறைய அதே நினைப்புத்தான்.

போன ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தமிழ் வகுப்பில் பெற்றோரின் தொழிலைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். இவள் எழுந்து, "எங்கப்பா தினமும் காலையில பெரட்டுக்குப் போவாரு" என்றிருக்கிறாள். கூடப் படிப்பவர்கள் பெரும்பாலும் யாழ்ப்பாணத்துக் குடும்பங்களின் பிள்ளைகள். அவர்கள் வீட்டில் பிரட்டுவது என்றால் சட்டியில் இறைச்சியைப் போட்டுப் பிரட்டுவது. "உன்ட அப்பா விடியவே எழும்பி இறைச்சி பிரட்டுறவரோ?" என்று ஒரு பையன் கேட்க, வகுப்பே சிரித்துவிட்டதாம். ஆசிரியை தங்கமானவர். தன் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "வேலைக்குப் போறவர் எண்டு சொல்லலாம் பிள்ளை" என்று திருத்தியிருக்கிறார்.

காவ்யா காரில் ஏறிக் கதவைச் சாத்திய சத்தத்தில் கண்ணாடி உடையாதது என் அதிர்ஷ்டம். "நீங்க எனக்கு ராங்கான தமிழ் சொல்லிக் குடுத்திருக்கீங்கப்பா. அது உங்க ஊரு வேர்ட். எனக்கு வேணாம்" என்றாள். இலங்கை மலைநாட்டில் நான் பிறந்த நமுனுகுல எப்போதுமே அவளுக்கு உங்க ஊரு. அம்மா பிறந்த பண்டாரவளையும் உங்க ஊரு. மெல்பர்னில் பிறந்த பிள்ளை வேறெப்படிச் சொல்லும் என்று என்னை நானே தேற்றிக்கொள்வது வழக்கம். அன்றைக்குத் தேறவில்லை.

மறுநாள் திங்கட்கிழமை நான் புறப்படும்போது அவள் அறைக்குள்ளிருந்து "பை, டாட்" என்று மட்டும் குரல் வந்தது. பெரட்டு எங்கள் வீட்டைவிட்டுப் போய்விட்டது. அந்தத் திங்கட்கிழமை டாக்சியில் நடந்ததைத்தான் எழுதப் போகிறேன்.

2

ஊரில் இருக்கிற உங்களுக்குப் பெரட்டு எதுவென்று சொல்லத் தேவையில்லை. ஆனால் மற்றவர்களும் படிக்கக்கூடும். தேயிலைத் தோட்டத்தில் வேலை தொடங்குமுன் ஆட்கள் எல்லோரும் ஓரிடத்தில் கூடி நிற்க, கங்காணி பெயர் கூப்பிட்டு இன்னார் இன்ன மலைக்கு என்று பிரித்துவிடுவதுதான் பெரட்டு. வெள்ளைக்காரனுடைய பரேட் எங்கள் வாயில் விழுந்து அப்படி ஆனது என்பார்கள். நமுனுகுலப் பனியில் அம்மா என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடி வருவாள். பெரட்டுக் களத்துக்குக் கொஞ்சம் மேலே பிள்ளை மடுவம். தாய்மார் கொழுந்தெடுக்கும் நேரமெல்லாம் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் கொட்டகை அது. அங்கிருந்த ஆயம்மாவின் கையில் என்னைத் திணித்துவிட்டு, நான் கத்துவது காதில் விழாத மாதிரி அம்மா இறங்கிப் போய்விடுவாள். விழுந்திருக்கும். திரும்பினால் பெரட்டுக்குப் பிந்திவிடும், அவ்வளவுதான்.

பிறகு பதுளை பஸ் நிலையத்தில் ஆட்டோ ஓட்டினேன். கட்டாரில் கம்பெனி வேன் ஓட்டினேன். சுமதி தாதி வேலைக்குப் படித்தவள். அவள் கெட்டிக்காரத்தனத்தால் இங்கே வந்து சேர்ந்தோம். வண்டியில் ஸ்டியரிங் நம்மூர் மாதிரியே வலது பக்கம் இருந்ததைப் பார்த்ததும் பாதி பயம் போய்விட்டது.

மீதிப் பயத்தைக் காகிதங்கள் பார்த்துக்கொண்டன. டாக்சி அனுமதிக்கு விண்ணப்பித்தபோது பழைய விலாசம் கேட்டார்கள். நமக்கேது தெருவும் கதவிலக்கமும்? கீழ்ப்பிரிவு, ஆறாம் லயம் என்பதை ஆங்கிலத்தில் "லைன் சிக்ஸ்" என்று எழுதிக் கொடுத்தேன். கவுண்டரில் இருந்த பெண் சிரத்தையாகப் பார்த்துவிட்டு, "இது தொலைபேசி இணைப்பு. நான் கேட்பது வீடு" என்றாள். நான் அதுதான் வீடு என்றேன். ஒரு வரிசையில் பல வீடுகள், அதனால் லைன் என்று விளக்கினேன். அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "அப்படியானால் பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லோரையும் உனக்குத் தெரிந்திருக்குமே, எவ்வளவு நல்லது" என்றாள். பரிகாசமில்லை, மெய்யாகவே சொன்னாள். இந்த நகரத்தை எனக்குப் பிடிக்க ஆரம்பித்தது அன்றுதான் என்று நினைக்கிறேன்.

3

அந்தத் திங்கட்கிழமை முதலில் ஏறியவர் ஜார்ஜ். திங்கள்தோறும் என்னைத்தான் கேட்டு அழைப்பார். நகரத்து டிராம் வண்டியை ஆயுள் முழுக்க ஓட்டி ஓய்ந்த கிழவர். இப்போது நீச்சல் குளத்துக்குப் போய் வெந்நீரில் உட்கார்ந்துவிட்டு வருவார். வழியில் எதிர்ப்படும் ஒவ்வொரு டிராமுக்கும் கையை உயர்த்துவார். ஓட்டுகிற பிள்ளைகளுக்கு அவரை யாரென்றே தெரியாது. ஆனாலும் சிலர் மணியடித்துப் பதில் சொல்வார்கள். அன்று மூன்று பேர் அடித்தார்கள் என்று அவருக்கு ஒரே சந்தோஷம். தொழிலை விட்ட பிறகும் தொழில்காரனாகவே இருக்கத் தெரிந்த மனிதர். எனக்கும் அந்த வயதில் அப்படி ஒரு திங்கட்கிழமை வாய்க்கட்டும்.

அவரை இறக்கிவிட்டதும் ஒரு வாலிபன் ஏறினான். போனில் எழுதி நீட்டினான். "எனக்குக் காது கேட்காது. உங்களுக்குப் பிடித்த பாட்டைச் சத்தமாகப் போட்டுக்கொள்ளுங்கள். நான் குறை சொல்ல மாட்டேன்." படித்துவிட்டு நான் சிரித்தேன், அவன் அதைவிடச் சிரித்தான். இறங்கும்போது விரல்களை மோவாயில் தொட்டு என் பக்கம் நீட்டினான். நன்றி என்று அர்த்தமாம். நானும் செய்தேன். விரல் வளைந்திருக்கிறது என்று திருத்திவிட்டுத்தான் போனான். ஒரு பையன் சிரித்ததற்காக ஒரு சொல்லையே தூக்கிப்போட்ட என் மகளை அப்போது நினைத்துக்கொண்டேன்.

4

டண்டினோங் பக்கத்தில் ஒரு ரயில் நிலையம். தண்டவாளத்தில் ஏதோ திருத்த வேலை, ரயில் ஓடவில்லை. பதிலுக்கு விட்ட பஸ்ஸும் போய்விட்டது. நடுவயதுப் பெண் ஒருவர் சேலைக்கு மேலே கனத்த குளிர்ச்சட்டை போட்டு, கையில் ஒரு முகவரிச் சீட்டோடு நின்றார். ஏறி உட்கார்ந்து சீட்டை என்னிடம் நீட்டிவிட்டு போனை எடுத்தார்.

"ஆமாங்க, டாக்சி புடிச்சிட்டேன். காம்பராவப் பூட்டிட்டேன், சாவி அடுத்த வீட்டுல இருக்கு. நீங்க மருந்தப் போட்டுட்டுப் படுங்க."

காம்பரா! அறைக்குக் காம்பரா என்று சொல்கிற வாய் மலைநாட்டைத் தவிர வேறெங்கே இருக்கிறது? சிவப்பு விளக்கில் வண்டி நின்றதும் திரும்பி, "அக்கா, எந்தத் தோட்டம்?" என்று கேட்டேன்.

"கொஸ்லந்தப் பக்கம், தம்பி" என்றார். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இங்க வந்து எல்லாரும் எந்த ஊருன்னுதான் கேட்டாங்க. எந்தத் தோட்டம்னு யாருமே கேக்கலயே."

பெயர் பாக்கியம். கணவர் பல வருடங்களுக்கு முன்பே வந்து, அகதி வழக்கு இழுத்தடித்து முடிந்து, இப்போதுதான் குடும்பத்தைக் கூப்பிட்டிருக்கிறார். மரக்கறி பெட்டிகட்டும் இடத்தில் அவருக்கு முதுகு போய்விட்டது. வீட்டு வாடகைக்கு இனி அக்காதான் உழைக்க வேண்டும். குழந்தைகள் காப்பகம் ஒன்றில் உதவியாளாக ஓர் இடம் இருக்கிறது. படிப்பும் அவர்களே சொல்லிக்கொடுப்பார்கள். இன்றைக்கு நேர்முகம், இன்றைக்கே ஆளைத் தெரிவுசெய்வார்கள்.

"தோட்டத்துல பாதிச் சனம் எங்கையில வளந்ததுதான் தம்பி. இங்க வந்து இந்தக் கை சும்மா கெடக்கு. ஒரு புள்ளையத் தொட்டுப் பாக்க வழியில்ல. பூங்காவுல ஒரு கொழந்தையப் பாத்துச் சிரிச்சேன், தாய்க்காரி வண்டியத் தள்ளிக்கிட்டுப் போயிட்டா. இந்த வேலையும் கெடைக்கலன்னா ஆஸ்பத்திரித் துணி மடிக்கப் போகணும். துணி மடிக்கலாம், அதுல என்ன. ஆனா மனசு இதுலதான் கெடக்கு."

சரி, நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்போம் என்று அதிவேகப் பாதையில் ஏறினேன். விதி ஒரு பாரவண்டி வடிவில் முன்னால் பழுதாகி நின்றது. பின்னால் கண்ணுக்கெட்டிய மட்டும் கார்கள். அக்கா காப்பகத்தின் எண்ணைக் கொடுத்தார். நான் அழைத்து நிலைமையைச் சொன்னேன். அடுத்த ஆள் காத்திருக்கிறார், ஆகவே உரைபெயர்ப்பாளரை இணைத்துக்கொண்டு போனிலேயே பேசிவிடலாம் என்றார்கள். அக்காவின் போனை ஸ்பீக்கரில் போட்டு இரண்டு இருக்கைகளுக்கும் நடுவில் வைத்தேன்.

5

காப்பகத்தின் பொறுப்பாளர் ஹெலன். குரலில் அன்பு இருந்தது. உரைபெயர்ப்பாளர் இளம் பெண், தமிழ் யாழ்ப்பாணத்துத் தமிழ். "வணக்கம் அம்மா. நீங்கள் சொல்லுறதை நான் கூட்டாமல் குறைக்காமல் அப்பிடியே ஆங்கிலத்தில சொல்லுவன். முந்தி என்ன வேலை செய்தனீங்கள் எண்டு கேக்கினம்."

"மடுவத்துல இருந்தேங்கம்மா. கல்யாணத்துக்கு முந்தியிருந்தே மடுவந்தான்" என்றார் அக்கா, முதுகை நிமிர்த்திக்கொண்டு.

எதிர்முனையில் ஒரு சின்னத் தயக்கம். பிறகு ஆங்கிலம் வந்தது. நீண்ட காலமாக இறைச்சிக்காக விலங்குகளை அறுக்குமிடத்தில் வேலை செய்தாராம்.

என் கால் தானாகவே பிரேக்கை அழுத்தியது, வண்டி ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தும். அந்தப் பெண்மேல் பிழையில்லை. யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் மடுவம் என்றால் ஆடு மாடு அறுக்கும் இடம்தான். நமக்கோ கொழுந்து நிறுக்கிற கொட்டகையும் மடுவம், பிள்ளை பார்க்கிற கொட்டகையும் மடுவம். பழக்கத்தில் பிள்ளை என்ற சொல்லை அக்கா விழுங்கிவிட்டார்.

ஹெலன் மரியாதையாக, அங்கே என்ன செய்வீர்கள் என்று கேட்டார்.

"விடியக்காலையில பெரட்டுக்கு முன்னாடி கொண்டாந்து விட்டுட்டு மலைக்குப் போயிருவாங்க. அப்புறம் எல்லாம் எம்பொறுப்புத்தாங்க."

"பிரட்டுறதுக்கு முதலே கொண்டு வருவினமோ அம்மா?"

"ஆமாங்க, பெரட்டுக்கு முன்னாடியே."

சமைத்துப் பிரட்டுவதற்குமுன் விடியற்காலையில் கொண்டுவந்து விடுவார்கள் என்று ஆங்கிலத்தில் போனது. காவ்யாவின் வகுப்பறை என் காருக்குள்ளேயே வந்துவிட்டது.

அக்கா இப்போது நன்றாகச் சூடுபிடித்துவிட்டார். பேசுவது அவருக்குப் பிடித்த சங்கதி. "வந்த ஒடனே ரொம்பக் கத்துங்க. பாவமாத்தான் இருக்கும். ஆனா கூரை வளையில கயித்தக் கட்டி வரிசையாத் தொங்கவிட்டுட்டா அடங்கிருங்க. மத்தியானத்துக்குள்ள எல்லாத்தையும் தூங்க வச்சிருவேங்க."

தொட்டிலையும் விழுங்கிவிட்டார். உரைபெயர்க்கும் பெண்ணின் குரல் தேய்ந்தது. ஆனாலும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள். கயிற்றில் வரிசையாகத் தொங்கவிடுவாராம். கடைசியில் "புட் தெம் டு ஸ்லீப்" என்றாள். இந்த நாட்டில் நோயாளி நாயை மருத்துவர் ஊசி போட்டு முடித்துவைப்பதற்கும் இதே சொல்தான்.

ஹெலனுக்குப் பின்னால் குழந்தைகள் விளையாடும் சத்தம் மட்டும் கேட்டது. அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தார். நன்றாகச் சொன்னேனா என்று அவர் கண்கள் கேட்டன. அந்தச் சிரிப்பை நான் மறக்கமாட்டேன்.

"மிக்க நன்றி. முடிவைப் பின்னர் அறிவிக்கிறோம்" என்றார் ஹெலன். இந்த வாக்கியத்தை இந்த நாட்டில் எத்தனையோ கவுண்டர்களில் நான் வாங்கியிருக்கிறேன். இதற்குப் பிறகு யாரும் எதையும் அறிவிப்பதில்லை.

"மன்னிக்க வேண்டும், நான் டாக்சி டிரைவர்" என்றேன் ஆங்கிலத்தில். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

"ஆர் அது? வேற ஆக்கள் இடையில கதைக்கேலாது" என்றாள் உரைபெயர்ப்பாளர்.

"தங்கச்சி, நானும் மலைநாடுதான். எங்க பக்கம் மடுவம்னா புள்ள மடுவம். வேலைக்குப் போற தாய்மாரு புள்ளைங்கள விட்டுட்டுப் போற எடம். தொங்குறது தொட்டிலு. பெரட்டுன்னா காலையில ஆளுங்கள வேலைக்குப் பிரிச்சு விடுறது."

"ஐயோ கடவுளே" என்றாள் அவள்.

அதற்குப் பிறகு அவள் செய்ததைச் சொல்ல வேண்டும். மழுப்பியிருக்கலாம். அந்த அம்மாவின் தமிழ் தெளிவில்லை என்று ஒரு வார்த்தையில் தப்பித்திருக்கலாம். அவள் ஹெலனிடம், பிழை என்னுடையது, இவர் சொன்ன பதில்கள் முழுவதையும் மறுபடி சொல்ல அனுமதியுங்கள் என்று கேட்டு, முதலிலிருந்து சொன்னாள். தாய்மார், பனி, குழந்தைகள், தொட்டில்கள், உறக்கம். ஆங்கிலத்தில் கேட்டபோது எனக்கே அந்த மடுவத்தின் வாசலில் நிற்கிற மாதிரி இருந்தது.

ஹெலன் பக்கத்தில் முதலில் ஓர் இருமல் கேட்டது. பிறகு அது சிரிப்பாகி, அடக்கமுடியாத சிரிப்பாகி, போனைத் தாண்டி வந்தது. பாக்கியம் அக்காவுக்கு மட்டும் இன்னும் ஒன்றும் தெரியாது. உரைபெயர்ப்பாளர் மெதுவாக விளக்கினாள்.

"அட ஆத்தா! புள்ளைங்களையா?" அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. "அந்தம்மாகிட்ட ஒண்ணு சொல்லுங்கம்மா. எங்கையில விட்ட ஒரு புள்ளையும் வாடுனதில்ல. அத மட்டும் சரியாச் சொல்லிருங்க."

சொன்னாள். சிரிப்பு நின்றது. நாலைந்து குழந்தைகள் ஒரே நேரத்தில் அழுதால் என்ன செய்வீர்கள் என்று ஹெலன் இப்போது வேறு குரலில் கேட்டார்.

"ஒண்ணு இடுப்புல, ஒண்ணு தோள்ல, ஒண்ணு தொட்டில்ல. மத்ததுங்ககிட்ட பேசிக்கிட்டே இருக்கணுங்க. கைதான ரெண்டு? வாய் சும்மாதான இருக்கு."

எத்தனை மணியானாலும் பரவாயில்லை, நேரில் வாருங்கள், காத்திருக்கிறோம் என்றார் ஹெலன். முன்னால் பாரவண்டியை அப்போதுதான் இழுத்துக்கொண்டு போனார்கள்.

காப்பகத்து வாசலில் இறங்கிய அக்கா சேலையைச் சரிசெய்துகொண்டு உள்ளே போனார். கூடப் போய் நிற்கட்டுமா என்று கேட்டேன். "வேணாம் தம்பி. இனி நானே பாத்துக்குவேன். நீங்க பொழப்பப் பாருங்க" என்றார். விரல்களை மோவாயில் தொட்டு நீட்டினேன். அவருக்கு என்ன புரிந்ததோ, தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

6

அன்று மாலை இதைச் சாப்பாட்டு மேசையில் சொன்னேன். சுமதி சிரித்துச் சிரித்துப் புரையேறி எழுந்து போனாள். காவ்யாவும் சிரித்தாள். கொஞ்ச நேரம் கழித்து, தட்டைப் பார்த்தபடி, "அந்த ஆன்ட்டியும் பெரட்டுன்னா சொன்னாங்க?" என்று கேட்டாள்.

"ஆமா."

"நீங்க சொல்லிக் குடுக்காமலேயா?"

"அவங்க அம்மா சொல்லிக் குடுத்திருப்பாங்க."

மறுநாளும் "பை, டாட்" தான். நானும் எதையும் எதிர்பார்க்கவில்லை.

பாக்கியம் அக்காவுக்கு வேலை கிடைத்தது. அந்த வாரமே கூப்பிட்டுச் சொன்னார். சில வாரங்கள் கழித்து இன்னொரு அழைப்பு. அங்கே வேலை செய்கிறவர்கள் ஒவ்வொருவரும் தங்கள் பாஷையில் குழந்தைகள் அறைக்குப் பெயர் எழுதிக் கதவில் ஒட்ட வேண்டுமாம். அரபியிலும் வியட்நாம் மொழியிலும் ஏற்கெனவே ஒட்டியாகிவிட்டது. "என் எழுத்து கோழி கிண்டுன மாதிரி தம்பி. ஒங்க மக தமிழு படிக்கிதுன்னீங்களே?"

"என்னன்னு எழுதணும்க்கா?"

"வேறென்ன, புள்ள மடுவம்னுதான்."

அங்கே வருகிற யாழ்ப்பாணத்துப் பெற்றோர் படித்தால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடமாட்டார்களா? மழலையர் அறை என்று எழுதினால் வம்பில்லை என்று காவ்யாவிடம் சொன்னேன். அவள் அட்டையை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனாள். என்ன எழுதினாள் என்று எனக்குக் காட்டவில்லை.

ஒரு காலையில் அவளையும் அழைத்துக்கொண்டு போனேன். அக்கா ஒரு குழந்தையை இடுப்பிலும் இன்னொன்றைத் தோளிலும் வைத்துக்கொண்டு வந்து கதவைத் திறந்தார். காவ்யா அட்டையை ஒட்டினாள். பெரிய நீல எழுத்தில், பிள்ளை மடுவம் என்றிருந்தது. ற, ர குழப்பிக்கொள்கிற பிள்ளை, ள்ளைக்குச் சுழி வைத்திருந்த அழகைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

மகனைக் கொண்டுவந்து விட வந்த ஒருவர் அதைப் படித்துவிட்டு நின்றார். "பிள்ளை... மடுவமோ? இதென்ன இது, ஆர் எழுதினது?"

விளக்கம் சொல்ல நான் வாயைத் திறந்தேன். காவ்யா முந்திக்கொண்டாள்.

"நான்தான் அங்கிள். புள்ளைங்கள பாத்துக்குற எடத்துக்கு எங்க ஊருல அதுதான் பேரு."

"அப்பிடியோ? நீங்கள் எந்த ஊர் பிள்ளை?"

"ஊரு இல்ல அங்கிள், தோட்டம். நமுனுகுல" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "வாங்கப்பா, பெரட்டுக்கு லேட்டாகுது" என்றாள்.